வியாசர்பாடி கீப்பர், செந்தூல் கோச்

சென்னை வியாசர்பாடியில் கால்பந்து கோல்கீப்பராகப் பந்து பிடித்து வளர்ந்த எனக்கு, 2009-இல் கோலாலம்பூர் வந்ததும் பழக வேண்டியிருந்தது புல்லும் மழையும்தான். எங்கள் ஊர் மைதானம் கெட்டி மண். பாய்ந்து விழுந்தால் முழங்கைத் தோல் போய்விடும். அதனால் முடிந்தவரை விழாமல் தடுக்கவே கற்றிருந்தேன்: முன்னால் ஏறி வந்து எதிராளி உதைக்கும் கோணத்தைக் குறைப்பது, காலால் மறிப்பது. கோலாலம்பூரின் செந்தூல் பாடாங்கில், அதாவது புல் மைதானத்தில், பயமில்லாமல் விழலாம். ஆனால் சாயங்கால மழை வந்துவிட்டால் தரையோடு வரும் பந்து ஈரப்புல்லில் சறுக்கிக்கொண்டு வேகமாக வரும். தண்ணீர் தேங்கிய இடத்தில் அதே பந்து சட்டென்று நின்றுவிடும். கை பழக வெகுநாள் ஆனது.

கிடங்கு வேலைக்குத்தான் வந்தேன். அங்கே யாரோடும் அதிகம் பேச்சில்லை. கூட வேலை செய்த ஓர் அண்ணன் ஒருநாள், "தம்பி, பந்து விளையாடுவியா?" என்று கேட்டார். கீப்பர் என்றேன். அந்த வாரமே கூட்டிக்கொண்டு போய்விட்டார். எந்த ஊர் அணியிலும் ஆள் குறைவது கோல் கம்பத்துக்கு நடுவில்தானே! அணியில் தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் இருந்தார்கள். கீப்பர் வாய் மூடி நிற்க முடியாது. பின்னால் ஆள் வருகிறான், வலப்பக்கம் மூடு என்று கத்திக்கொண்டே இருக்க வேண்டும். என் மலாய் அப்படிக் கத்திக் கத்தி வந்ததுதான்.

ஆட்டம் முடிந்து மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவுக்கடை) தே தாரிக் என்ற ஆற்றிய பால் தேநீர் குடிக்கும்போது பெரியவர்கள் ஆறுமுகத்தைப் பற்றிப் பேசுவார்கள். நீளக் கைகளுக்காக 'ஸ்பைடர்மேன்' என்று நாடே அழைத்த ஆர். ஆறுமுகம், சிலாங்கூர் மாநில அணிக்கும் மலேசியாவுக்கும் கோல் காத்தவர். 1980-இல் மெர்டேக்கா அரங்கத்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மலேசியா ஒலிம்பிக் தகுதி பெற்றதைச் சொல்லும்போது அவர்கள் குரலே மாறிவிடும். ஆனால் சோவியத்தின் ஆப்கானிஸ்தான் படையெடுப்பைக் கண்டித்து மலேசியா அந்த மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. அந்த அணி ஒலிம்பிக்கில் ஆடவே இல்லை. 1988-இல் ஆறுமுகம் கார் விபத்தில் இறந்தபோது வயது 35. நான் அவர் ஆடிப் பார்த்ததில்லை. ஆனாலும் புது ஊரில், எங்கள் ஊரிலும் கேட்கக்கூடிய பெயர் கொண்ட ஒருவர் நாட்டுக்கே காவலாக நின்றிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய தைரியம் கொடுத்தது.

அப்புறம் தோள்பட்டை ஒத்துழைக்கவில்லை. பையன்கள் அணிக்கு உதவிப் பயிற்சியாளராக வரச் சொன்னார்கள். சம்பளம் இல்லை. ஆளைத் தேர்வது தலைமைக் கோச். வெளியே உட்கார்ந்திருப்பவனிடம் பேசுவது, கீப்பர்களைத் தனியே எடுத்துப் பழக்குவது என் வேலை. இந்த இரண்டாவதைத்தான் பல அணிகள் செய்வதில்லை. மற்றவர்கள் பயிற்சி செய்ய, கீப்பர் பையன் கம்பத்தில் நின்று அடி வாங்கிக்கொண்டிருப்பான். இது சரியே இல்லை. எதிராளி பந்தை உதைக்கும் கணத்தில் கீப்பரின் இரண்டு காலும் தரையில் இருக்க வேண்டும் என்பதையே ஒருவர் சொல்லிக் கொடுத்தால்தான் தெரியும். 1992-க்குப் பிறகு, தன் ஆள் வேண்டுமென்றே காலால் திருப்பித் தரும் பந்தைக் கையால் தொடக்கூடாது என்பதால், கீப்பருக்குக் கால் பழக்கமும் வேண்டும்.

தென்கிழக்காசிய நாடுகள் மோதும் 2010 ஆசியான் கோப்பை இறுதியாட்டத்தைப் பையன்களுக்கு அடிக்கடி சொல்வேன். கே. ராஜகோபால் பயிற்சியில் மலேசியா முதன்முறை வென்ற கோப்பை. இறுதி இரண்டு ஆட்டங்கள்; இரண்டின் கோல்களையும் கூட்டித்தான் முடிவு. முதல் ஆட்டத்தில் மலேசியாவுக்கு 3-0 முன்னிலை. ஜகார்த்தாவில் இரண்டாவது ஆட்டத்தில் இந்தோனேசியாவுக்கு பெனால்ட்டி கிடைத்தது. நம் கீப்பர் கைருல் ஃபாமி தடுத்தார். அன்று 2-1 தோற்றும் கோப்பை நமக்குத்தான். 'நமக்கு' என்று அன்றைக்குத்தான் முதலில் சொன்னேன்.

பெற்றோர் சிலர், "ஏன் கோச், என் பையனை கோலில் நிறுத்துறீங்க?" என்று வருத்தத்தோடு கேட்கிறார்கள். அவன் ஆசைப்பட்டுக் கேட்டால் தடுக்காதீர்கள். கைக்குச் சரியான அளவில் கையுறை வாங்கிக் கொடுங்கள். ஆட்டத்துக்கு முன் கையுறையின் உள்ளங்கைப் பகுதியை லேசாக நனைக்கச் சொல்லுங்கள்; அங்கே இருக்கும் லேடெக்ஸ் ரப்பர் காய்ந்திருந்தால் பந்து வழுக்கும்.