நவம்பர் மாசக் கவுண்டர்

நாக்பூர்ல ஒரு பேங்க் பிராஞ்ச்ல ஆபீசரா இருக்கேன், அப்பா அம்மா மானாமதுரைல. நவம்பர் வந்தா கதவு தொறக்குறதுக்கு முன்னாடியே பென்ஷன்காரங்க வாசல்ல உக்காந்திருப்பாங்க, உயிரோட இருக்கோம்னு வருசா வருசம் சான்று குடுக்கணும்ல, அதுக்கு. 2014-ல ஜீவன் பிரமாண்ங்குற டிஜிட்டல் உயிர்ச்சான்று வந்தப்புறம் ஆதாரும் கைரேகையும் இருந்தா போதும்னு ஆயிருச்சு, ஆனா வயசானவங்க ரேகை மெஷின்ல லேசுல விழாது. ஈரத்துணியால தொடச்சு, நானே விரல புடிச்சு அழுத்தி, ஒவ்வொரு விரலா மாத்தி மாத்தி வச்சுப் பாப்பேன்.

எங்கப்பா ரயில்வேல கேங்மேனா இருந்து ரிட்டயர் ஆனவரு, முப்பது வருசத்துக்கு மேல கடப்பாறையும் ஜல்லியும் புடிச்ச கை, காய்ச்சுப் போயி ரேகையே தேஞ்சிருக்கும். மூணு வருசம் முன்னாடி ஊர்ல அவரு பென்ஷன் வாங்குற பேங்குக்கு மூணு தடவ போயிருக்காரு, மூணு தடவயும் விரல் விழல, நாளைக்கு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. விரல் விழலன்னா பேப்பர் ஃபார்ம்ல எழுதி வாங்கிக்கலாம், அத அவர்ட்ட ஒருத்தரும் சொல்லல. எனக்கு இன்னும் ஆறாத கோவம் அது. அந்த நாள்லதான் நான் இங்க யாரோட அப்பா விரலயோ தொடச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

டிசம்பர் பென்ஷன் ஏறல. எனக்குத் தெரிஞ்சது பொங்கலுக்குப் போனப்பதான், அதுவும் யாரும் சொல்லி இல்ல, அம்மாவோட சுகர் மாத்திரை அட்டைல பாதி அப்படியே இருந்துச்சு, என்னன்னு கேட்டா ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கிறேன்னாங்க. நான் மாசாமாசம் அனுப்புற காசு என்னாச்சுன்னா அத எம்பேர்லயே ஆர்.டி. போட்டு வச்சிருக்காங்க. "நீயே ராத்திரி எட்டு மணி வரைக்கும் ஆபீஸ்ல கெடக்குற, ஒனக்கு எதுக்குத்தா இந்தத் தொந்தரவு"ன்னாரு அப்பா. மறுநாளே கூட்டிட்டுப் போயி ஃபார்ம் குடுத்தேன், பாக்கிப் பணம் சேந்து வந்துருச்சு, ஆனா அந்த மாத்திரை அட்டை கண்ண விட்டுப் போகல.

எங்களுக்கு வருசத்துக்கு 12 நாள் சி.எல்., அதான் கேஷுவல் லீவு, ஒரே மூச்சா 4 நாளுக்கு மேல எடுக்க முடியாது, ரயில்லயே ரெண்டு மூணு நாள் போயிரும். அதனால நெனச்சா ஓட முடியாது. ரிக்வெஸ்ட் டிரான்ஸ்ஃபர் எழுதிக் குடுத்திருக்கேன், எப்ப கிடைக்குமோ. அதுவரைக்கும் போன்தான். காலைல ஏழரைக்குப் பேசுவேன், நல்லா இருக்கீங்களான்னு கேக்குறத விட்டுட்டேன், அதுக்கு எப்பவும் நல்லாத்தான் இருக்கோம்னுதான் பதில் வரும். அட்டைல எத்தன மாத்திரை மிச்சம், நேத்து ராத்திரி என்ன சாப்பாடு, அப்பா எத்தன தடவ எந்திரிச்சாரு, இப்படித்தான் கேப்பேன். அம்மா மொதல்ல சலிச்சுக்கிட்டாங்க, இப்ப அட்டைய கைல வச்சுக்கிட்டே போன எடுக்குறாங்க.

பிராஞ்ச்லயும் ஒண்ணு ஆரம்பிச்சேன். 20-ஆம் தேதி வரைக்கும் வராதவங்க லிஸ்ட எடுத்து ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணுவேன், நடக்க முடியாதவங்களுக்கு போஸ்ட்மேன் வீட்டுக்கே வந்து 70 ரூபாய்க்குப் பதிஞ்சு குடுப்பாருன்னு சொல்லுவேன். மேனேஜர் இதெல்லாம் நம்ம வேலையான்னாரு, இருக்கட்டும் சார்னுட்டேன்.

அப்பாவுக்கு இப்ப விரலே வேணாம், 2021-லேர்ந்து மொகத்தப் பாத்தே பதியிற வசதி இருக்கு. போன நவம்பர்ல பக்கத்து வீட்டுப் பையன் போன்ல முயற்சி பண்ணாங்க, கண்ண சிமிட்டணும்னு அவன் சொல்ல, அப்பா கண்ணாடியக் கழட்டிட்டு இறுக்கி மூடித் தொறந்தாராம். பதிஞ்சதும் எனக்குத்தான் மொதல்ல போன் போட்டாரு. கவுண்டர்ல கூட்டம், இருந்தும் எடுத்தேன்.

"ஆத்தா, நான் இருக்கேன்னு ஏத்துக்கிருச்சு"ன்னாரு.

எதுத்தாப்ல நின்ன பாட்டி கைய நீட்டிக்கிட்டு காத்திருந்தாங்க, கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரல.