திருச்செந்தூரில் பச்சை சாத்தி

விபத்தில் முறிந்த கால் கூடி, கொழுந்தனார் பழையபடி நடந்துவிட்டால் திருச்செந்தூர் எட்டாம் திருநாள் பச்சை சாத்திக்கு வருகிறோம் என்று அத்தை வேண்டியிருந்தார்கள். செந்திலாண்டவன் நடக்க வைத்துவிட்டான். ஆவணித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு கிளம்பினோம், எல்லோருக்கும் பச்சை உடுப்பு.

நாழிக்கிணற்றில் குளித்துவிட்டு வந்தால் ஒரு ஆள் விடாமல் பின்னாலேயே வருகிறான். "சாமி பக்கத்துலயே கொண்டு போய் விடுறேன்மா, ஆளுக்கு இவ்வளவு குடுத்தா போதும்." அத்தை திரும்பி, "அவன்கிட்ட போக நீ எதுக்குய்யா?" என்றார்கள். அதோடு ஆள் காணோம். இவர்களுக்கெல்லாம் முருகன் பயமே கிடையாதா?

முந்தின நாள் சாயங்காலம் சிவப்புப் பட்டும் மாலையும் சாத்திய சிவப்பு சாத்தியில் சிவனாக வந்த சண்முகர், விடியலில் வெள்ளை சாத்தியில் பிரம்மாவானார். உச்சி வெயிலில் பச்சை சாத்தி, பெருமாள் அம்சம். சண்முகர் அதே சண்முகர்தான். மாறுவது பட்டும் மாலையும். சிவன் பெரிதா பெருமாள் பெரிதா என்று மல்லுக்கு நிற்பவர்களை இந்த வீதியில் கொண்டுவந்து ஒரு மணி நேரம் நிறுத்த வேண்டும்.

காத்திருந்தபோது கொழுந்தனார் மகன் கேட்டான்: "சேவல் சூரன்தானே பெரியம்மா? எதிரியைப் போய் ஏன் கொடியில வச்சிருக்கார்?" எனக்குப் பதில் வரவில்லை. அத்தைதான் சொன்னார்கள்: "கொன்னு போட்டிருந்தா கொடி ஏதுலே? தோத்தவனையும் கூடவே வச்சுக்கிட்டேன்னு ஊருக்குச் சொல்றதுக்குத்தான் அது."

சப்பரம் திரும்பியதும் நெரிசல் தாங்கவில்லை. கால் மிதிபட்டது, வளையல் உடைந்தது. அத்தனை பேரும் பச்சை. யார் பணக்காரர், யார் கூலிக்காரர், எந்த ஊர், எந்தத் தெரு, ஒன்றும் தெரியவில்லை. அரோகரா முழக்கத்தில் கொழுந்தனார் தன் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு நுனிக்காலில் எம்பினார். தகடு வைத்த அந்தக் காலில்தான் முழு பாரமும்! சுவாமியைப் பார்ப்பேனா, அந்தக் காலைப் பார்ப்பேனா? கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் கோத்து வைத்திருந்தது எதுவும் நினைவில் இல்லை. முருகா, முருகா என்பது மட்டும்தான் வாயில் வந்தது. அழுதேன், பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு அம்மாவும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பன்னீர் இலை விபூதி கிடைத்தது. இலையின் பன்னிரண்டு நரம்பும் அவன் பன்னிரு கை என்பார்கள். அத்தையின் பேரன் பஸ்ஸில் எண்ணிக்கொண்டே வந்தான். மாசியிலும் பச்சை சாத்தி உண்டு. அத்தை அதற்குள் அடுத்த வேண்டுதலை வைத்துவிட்டார்கள். என்னவென்றுதான் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.