வெளியூர்த் திருமணத்துக்கு ஒரு வார இறுதி: பயண நாட்குறிப்பு

ஏப்ரல் 4, சனிக்கிழமை

பதினொரு ஆண்டுகளாக என் நல்லது கெட்டது அனைத்தையும் அறிந்த தோழியின் திருமண அழைப்பிதழ் இன்று கைக்கு வந்தது. ஜூன் 13, சனிக்கிழமை, மாலை 4 மணி. அவள் ஊருக்கும் என் ஊருக்கும் இடையில் ஒரு விமானப் பயணமும், கடிகாரத்தில் ஒரு மணி நேர வித்தியாசமும் இருக்கின்றன.

அழைப்பிதழை மூன்று முறை படித்தேன். முதல் முறை மகிழ்ச்சியில் எதுவும் மனத்தில் பதியவில்லை. இரண்டாம் முறை இடம், நேரம், பதில் தெரிவிக்க வேண்டிய கடைசி நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டேன். மூன்றாம் முறை உறையின் மேல் யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தேன். என் பெயர் மட்டும்தான் இருந்தது. துணைக்கு ஒருவரை அழைத்து வரலாமா என்று கேட்டால் அவளால் மறுக்க முடியாது. அதனாலேயே நான் கேட்கப் போவதில்லை.

வருகிறேன் என்று இன்றே எழுதி அனுப்பிவிட்டேன். சாப்பாடு, இருக்கை, அறை என எல்லா ஏற்பாடும் தலைக்கணக்கை நம்பியே நடக்கிறது. கடைசி நாள் வரை பதில் சொல்லாமல் இருக்கும் ஒவ்வொருவருக்காகவும் திருமண வீட்டில் யாரோ ஒருவர் தொலைபேசியை எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த வார இறுதியில் அவளோ அவள் குடும்பத்தாரோ என்னைப் பற்றி ஒரு நிமிடம்கூடக் கவலைப்படும்படி நான் வைக்கக் கூடாது என்பதே என் எண்ணம். அதற்கான ஆயத்தங்களை இங்கே எழுதி வருவேன்.

ஏப்ரல் 12, ஞாயிற்றுக்கிழமை

பயணத்தை மாலை 4 மணியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டேன். மண்டபத்தில் 3.30-க்கு இருக்க வேண்டும். புறப்பட 3 மணி. குளித்து உடுத்த ஒன்றரை மணி நேரம். அப்படியானால் 1.30-க்கு என் கையில் ஓர் அறை இருந்தாக வேண்டும். விடுதிகள் பெரும்பாலும் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் அறைச் சாவியைத் தருகின்றன. சனிக்கிழமை காலை விமானத்தில் போய் இறங்கினால், உடை மாற்ற இடமில்லாமல் பெட்டியோடு வரவேற்பறையில் உட்கார்ந்திருக்க நேரும். எனவே வெள்ளிக்கிழமையே போய்ச் சேர்வதென்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமையிலும் காலையின் முதல் விமானத்தையே தேர்ந்தெடுத்தேன். ஒரே விமானம் நாள் முழுவதும் ஊர் ஊராகப் பறப்பதால், காலையில் நேர்ந்த சிறு தாமதம் மாலைக்குள் வளர்ந்து நிற்கிறது. முதல் பயணத்துக்கு அந்தச் சுமை குறைவு. அதை விட முக்கியமாக, அது ரத்தானாலும் அன்றைக்கே வேறு விமானங்கள் மிஞ்சியிருக்கும். மாலையில் போகும் கடைசி விமானம் ரத்தானால் இரவு முழுவதும் கையில் இருந்து நழுவிவிடும். இதற்காக அலுவலகத்தில் ஒரு நாள் விடுப்பு கேட்க வேண்டியிருக்கிறது. கேட்டுவிட்டேன்.

ஏப்ரல் 19, ஞாயிற்றுக்கிழமை

தோழியின் அம்மா தொலைபேசியில் அழைத்தார்கள். "நீ எதுக்கும்மா விடுதியில தங்கணும்? நம்ம வீட்டுலயே இருந்துக்கோ" என்றார்கள். அந்த அன்பு என்னை நெகிழ வைத்தது. ஆனாலும், "அம்மா, கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு வாரம் வந்து உங்க கூடவே இருக்கேன், இப்ப வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டேன். அவர்கள் வீட்டில் குளியலறைகள் இரண்டு. நெருங்கிய உறவினர் 12 பேர் அங்கே தங்குகிறார்கள் என்று பேச்சுவாக்கில் அறிந்தேன். ஆளுக்கு 20 நிமிடம் என்றாலும் மொத்தம் 240 நிமிடம். இரண்டு குளியலறைகளிலும் விடாமல் வரிசை நகர்ந்தாலும் இரண்டு மணி நேரம். பதின்மூன்றாவது ஆளாக நான் அந்த வரிசையில் நிற்பது உதவி ஆகாது.

விருந்தினருக்காகத் திருமண வீட்டார் ஒரு விடுதியில் மொத்தமாகச் சில அறைகளைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். இத்தகைய அறைகளுக்கு ஒரு கெடு உண்டு. அது கடந்தால் பதிவாகாத அறைகளை விடுதி பொதுமக்களுக்குத் திறந்துவிடும். கெடுவைக் கேட்டறிந்து, இன்றே ஓர் அறையை என் பெயரில் பதிவு செய்தேன்.

மே 3, ஞாயிற்றுக்கிழமை

இன்று ஒரு பிழையைக் கண்டுபிடித்தேன். நல்ல வேளையாக முன்கூட்டியே கண்ணில் பட்டது. திருமண நேரத்தைக் கைபேசி நாட்காட்டியில் "மாலை 4" என்று பதிந்திருந்தேன். கைபேசியோ அதை என் ஊர் நேரத்தின் 4 மணியாக எடுத்துக்கொண்டிருக்கிறது. அவள் ஊர்க் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதால், அங்கே இறங்கியவுடன் அதே குறிப்பு 5 மணி என்று காட்டியிருக்கும். நான் நிதானமாகக் கிளம்பிப் போய்ச் சேரும்போது திருமணமே முடிந்திருக்கும். குறிப்பைத் திறந்து, நேர மண்டலத்தை அவள் ஊருக்கு மாற்றிய பிறகு, இங்கிருக்கும் என் கைபேசியில் அது 3 மணி என்று காட்டுகிறது, அதுதான் சரி. விமான நிறுவனம் தரும் புறப்பாட்டு நேரமும் வருகை நேரமும் அந்தந்த ஊரின் நேரத்திலேயே அச்சாகின்றன என்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பயண நேரத்தை அறியவும் முடியாது. நம்பிக்கைக்காக ஒரு தாளில் எல்லா நேரங்களையும் அவள் ஊர் நேரப்படி கையால் எழுதி வைத்தேன்.

மே 16, சனிக்கிழமை

பரிசைப் பற்றி இரண்டு வாரமாக யோசித்தேன். எவ்வளவு நேர்த்தியாகச் சுற்றினாலும், பாதுகாப்புச் சோதனையில் சந்தேகம் எழுந்தால் பிரித்துக் காட்டச் சொல்வார்கள். கையில் கொண்டு போகும் பையில் திரவம் என்றால் பல நாடுகளில் 2006 முதல் 100 மில்லி லிட்டர் வரம்பு இருக்கிறது. சில விமான நிலையங்கள் இப்போது தளர்த்தியிருந்தாலும் எந்த நிலையத்தில் எந்த விதி என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இவை எல்லாவற்றையும் கடந்து பரிசு மண்டபம் சேர்ந்தாலும், திருமணம் முடிந்த இரவில் அதைத் தூக்கிக்கொண்டு போவது களைத்துப்போன அவர்கள் இருவரும்தானே? ஆகவே அவர்கள் புதிதாகக் குடியேறும் வீட்டு முகவரிக்கு முன்னதாகவே அனுப்பிவிட்டேன். வாழ்த்து மடலை மட்டும் கையோடு கொண்டு போகிறேன். அதில் எழுத வேண்டியதை இன்னும் எழுதவில்லை. பதினொரு ஆண்டுகளை ஒரு பக்கத்தில் அடக்குவது எளிதாக இல்லை.

மே 30, சனிக்கிழமை

சரியாக இரண்டு வாரம் இருப்பதால், இன்று பிற்பகல் 3 மணிக்கு (அவள் ஊர் நேரம்) விடுதியிலிருந்து மண்டபத்துக்கான பயண நேரத்தை வரைபடத்தில் பார்த்தேன். காலையில் பார்த்தபோது 18 நிமிடம் காட்டியது, இப்போது 34. சனிக்கிழமைப் பிற்பகலின் நெரிசலை அதே கிழமை, அதே நேரத்தில் பார்த்தால்தான் அறிய முடிகிறது. புறப்படும் நேரத்தை 2.45-க்கு மாற்றினேன். இரவு திரும்பும்போது வாகனம் கிடைப்பது அரிது என்று அதே விடுதியில் தங்கும் கல்லூரித் தோழர் ஒருவர் சொன்னார். நாங்கள் நால்வர் சேர்ந்து ஒரு வண்டியை முன்பதிவு செய்துகொண்டோம்.

ஜூன் 8, திங்கட்கிழமை

திருமணம் மண்டபத்தை ஒட்டிய திறந்த வெளியில் நடக்கிறது என்பதால் வானிலையைப் பார்க்கத் தொடங்கினேன். சென்ற வாரம் பார்த்திருந்தால் பயனில்லை; 10 நாள் முன்கணிப்பு ஏறத்தாழப் பாதித் தடவையே பலிக்கிறது. 5 நாள் முன்கணிப்போ பத்துக்கு ஒன்பது தடவை சரியாக வருகிறது. இன்று முதல் அதை நம்பலாம். சனிக்கிழமை மாலை காற்று இருக்கும், மழை இல்லை என்கிறது. மெல்லிய சால்வை ஒன்றைப் பெட்டியில் சேர்த்தேன். புல்தரையில் புதையாத அகலமான அடிப்பாகம் கொண்ட செருப்பை ஒரு வாரமாக வீட்டுக்குள்ளேயே அணிந்து நடந்து பழகுகிறேன். வெகுநேரம் உட்கார்ந்து பயணம் செய்தால் பாதம் சற்று வீங்கும். அன்று முதன்முதலாக மாட்டும் செருப்பு கடிக்காமல் விடாது.

ஜூன் 11, வியாழக்கிழமை

பெட்டி கட்டினேன். திருமண உடை, மருந்து, மடல் மூன்றும் என்னோடு விமானத்துக்குள் வரும் பையில்தான் இருக்கும். சரக்கில் போடும் பெட்டி வழிதவறினால் ஓரிரு நாள் கழித்து வந்து சேரலாம், ஆனால் திருமணமோ மறுநாளே. கைபேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்கும் அதே பையில்தான் இருக்க வேண்டும். கருவிக்குள் பொருத்தாமல் தனியாக இருக்கும் லித்தியம் மின்கலத்தைச் சரக்கில் போட அனுமதி இல்லை. பொதுவான வரம்பு 100 வாட் மணி. என்னுடையது 20,000 மில்லி ஆம்பியர் மணி, 3.7 வோல்ட், பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட் மணி. கவலையில்லை.

உடை பட்டு. அதை மடித்த விதத்துக்குத்தான் இன்று அதிக நேரம் ஆனது. நூல் கூர்மையாக வளைந்து அழுந்தும் இடத்தில்தான் மடிப்புத் தடம் விழுகிறது. வளைவு பெரிதாக இருந்தால் தடம் விழாது. ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் பழைய, மென்மையான பருத்தித் துணியைச் சுருட்டி வைத்து, கனமான எதுவும் மேலே அழுத்தாதபடி கடைசியாகப் பைக்குள் படுக்க வைத்தேன். உடன் ஊசி, நூல், நான்கு ஊக்குகள். நறுமணத் தெளிப்பை உடுத்துவதற்கு முன்பே பூசி உலரவிட வேண்டும் என்றும் தாளில் எழுதிக்கொண்டேன். பட்டில் அது பட்டால் கறை நிற்கும்.

நள்ளிரவுக்குச் சற்று முன் மடலை எழுதி முடித்தேன். நான்கே வரிகள்.

ஜூன் 12, வெள்ளிக்கிழமை

விமானம் 40 நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது. அதனால் எதுவும் கெடவில்லை. விடுதியில் 3 மணிக்கு அறை கிடைத்தது. வந்தவுடன் உடையைப் பிரித்துத் தொங்கவிட்டு, குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்தி வைத்தேன். பத்து நிமிடம் கழித்து நீரை மூடிவிட்டு, ஆவி நிறைந்த அந்த அறையில், துளி எதுவும் தெறிக்காத மூலையில் உடையை மாட்டினேன். பட்டில் நீர்த்துளி விழுந்தால் அடையாளம் நின்றுவிடும், ஆவியோ இழைகளைத் தளர்த்துகிறது. அரை மணி நேரத்தில் இடுப்புப் பகுதியில் இருந்த ஒற்றை மடிப்புத் தடமும் மறைந்துவிட்டது.

அவளை அழைத்துப் பேச ஆசையாக இருந்தது. இன்று அவளை அழைக்காத ஒருவராவது இருக்கட்டும் என்று, அவள் அம்மாவுக்கு மட்டும், "வந்து சேர்ந்துட்டேன்ம்மா, எல்லாம் வசதியா இருக்கு, எனக்காக யாரும் அலைய வேண்டாம்" என்று செய்தி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை மாலைதான் திரும்பும் விமானம். அன்று காலையில் அவர்களுக்கு நேரமிருந்தால் சந்திப்பேன், இல்லாவிட்டால் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்புவேன்.

அம்மாவிடமிருந்து பதில் வரவில்லை. ஒன்பது மணிக்கு அவளிடமிருந்தே வந்தது: "வந்துட்டியா?" ஒரே சொல். "வந்துட்டேன்" என்று எழுதிவிட்டு விளக்கை அணைக்கப் போகிறேன்.