பிடியரிசி டப்பா

எங்கள் வீட்டுச் சமையலறையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு பழைய பால்பவுடர் டப்பா இருக்கும். உலைக்கு அரிசி அளக்கும் ஒவ்வொரு வேளையும் அம்மா அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அந்த டப்பாவில் போட்டு வைப்பார். மாதக் கடைசி ஞாயிறன்று அது பிடியரிசிக் காணிக்கையாகக் கோவிலுக்குப் போய்விடும். (கடலூர் முதுநகரில் எங்களைப் போன்ற லுத்தரன் சபைக் கிறிஸ்தவக் குடும்பத்தார் ஆலயத்தைக் கோவில் என்றும் போதகரை ஐயர் என்றும் சொல்லியே பழகியவர்கள்.) வெளிநாட்டு உதவியாக வந்த பால்பவுடருக்கும் கோதுமைக்கும் மதம் மாறியவர்கள் என்று எங்களைப் பழிப்பவர்களுக்கு அந்த டப்பாவைக் காட்டினால் சிரிப்பார்கள், ஆனால் அதில் எதுவும் எங்களுக்கு வந்ததில்லை, எங்கள் வீட்டிலிருந்து போனதுதான் உண்டு.

2015 நவம்பர், டிசம்பர் மழையில் கடலூர் மூழ்கியபோது அந்த அரிசிதான் கோவில் கூடத்தில் உலையேறியது. பொட்டலம் கட்டும்போது ஒவ்வொன்றிலும் ஒரு வேதவசனச் சீட்டு வைக்கலாம் என்று வாலிபர் சங்கத்தில் சிலர் சொன்னோம். ஐயர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். பசித்தவன் கையில் சோற்றைக் கொடுத்துக்கொண்டே பேசினால், அவனால் அந்தப் பேச்சை மறுக்க முடியாது, மறுக்க முடியாதவனிடம் பேசுவது சுவிசேஷம் ஆகாது என்றார். அன்று எனக்கு அது அளவுக்கு மீறிய கூச்சமாகவே பட்டது.

எதிர்வீட்டுப் பெரியவரின் குடும்பத்துக்கும் மூன்று நாள் அந்தப் பொட்டலம் போயிற்று. சில ஆண்டுகள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது, அதே பெரியவர் வாசலில் வந்து நின்று, "இன்னைக்கு எத்தனை பேரை மாத்தினீங்க? பால்பவுடர் கூட்டம்!" என்று தெருவே கேட்கும்படி கத்தினார். உள்ளேயிருந்து எழுந்து வந்த நான், "வெள்ளத்துல மூணு நாள் எங்க சோத்தைத்தானே சாப்பிட்டீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் பேசாமல் திரும்பிப் போனார். வென்றுவிட்டோம் என்ற நினைப்போடு உள்ளே வந்தேன். கூட்டம் கலைந்த பிறகு அம்மா, "குடுத்த சோத்தைத் திருப்பிக் கேட்டுட்டியேப்பா" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சொல் என்னை விடவில்லை. சத்துரு பசியாயிருந்தால் போஜனம் கொடு, அப்படிச் செய்வதினால் "அக்கினித்தழலை அவன் தலையின்மேல் குவிப்பாய்" என்று ரோமர் நிருபம் 12ஆம் அதிகாரம் சொல்கிறது. 'இன்னாசெய் தாரை ஒறுத்தல் அவர்நாண நன்னயஞ் செய்து விடல்' என்பது குறள். இரண்டையும் ஒப்பிட்டுப் பேசாத மேடை நம்மூரில் இல்லை. ஆனால் குறளின் கடைசிச் சொல்லை நாம் விரைவாகக் கடந்துவிடுகிறோம். 'விடல்' என்பதற்கு, அவர் செய்த தீமை, நாம் செய்த நன்மை ஆகிய இரண்டையும் மறந்துவிடுதல் என்று பரிமேலழகர் பொருள் சொல்கிறார். வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்ற மத்தேயு 6ஆம் அதிகாரமும் இதையேதான் கேட்கிறது. தீமையை மறப்பதுகூட ஒருவாறு கைகூடுகிறது. நாம் போட்ட சோற்றை மறப்பதுதான் கைகூடுவதில்லை. அவரை நாணச் செய்ய வேண்டியது சோறுதான். அந்த வேலையை என் நாக்கு எடுத்துக்கொண்டது. அதோடு, எங்கள் தருமத்துக்கு ஒரு விலை உண்டு என்று அவர் சொன்ன பழியை, நானே விலையைக் கேட்டு மெய்யாக்கிவிட்டேன்.

இப்படிச் சொல்வதால், அடித்தால் வாய்மூடி நிற்க வேண்டும் என்று நான் கருதுவதாக எண்ண வேண்டாம். கன்னத்தில் அறைந்தவனை இயேசுவே "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார். அப்போஸ்தலர் பவுல், ரோமப் போர்ச்சேவகர் தம்மைச் சவுக்கால் அடிக்க முனைந்தபோது ரோமக் குடியுரிமையை எடுத்துச் சொன்னார். மதச் சுதந்திரம் தரும் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு நமக்கும் உரியது. ஜெபக்கூட்டத்தின் மேல் கல் விழுந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது அன்புக்கு விரோதமல்ல. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரியான கணவர் கிரஹாம் ஸ்டெயின்ஸையும் இரண்டு சிறு மகன்களையும் உயிரோடு எரித்தவர்களை மன்னித்தேன் என்று சொன்ன கிளாடிஸ் ஸ்டெயின்ஸ், தண்டனையைச் சட்டத்தின் கையில் விட்டார். கணவர் நடத்திவந்த, ஒடிசாவின் பாரிபதாவிலுள்ள தொழுநோயாளர் இல்லத்தை விட்டு உடனே போய்விடவுமில்லை. மேலும் சில ஆண்டுகள் அங்கேயே இருந்து பணி செய்தார்.

நம்மேல் வரும் கோபம் எல்லாமே காரணமற்றது என்று நினைப்பதும் தவறு. பக்கத்துப் புதுச்சேரியில், 1748இல் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸ் ஆட்சியில், கத்தோலிக்கத் துறவிகளான சேசு சபைப் பாதிரிமார்களின் நெடுநாள் வற்புறுத்தலுக்கு இடம்கொடுத்து வேதபுரீசுவரர் கோவில் இடிக்கப்பட்டதை அவரிடம் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தமது நாட்குறிப்பில் மனம் வெதும்பி எழுதி வைத்திருக்கிறார். நாங்கள் கத்தோலிக்கர் அல்லர், அது எங்கள் சபை செய்ததல்ல என்று தப்பித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

மறுவாரம் பெரியவர் வீட்டுக்குப் போய், அன்று நான் பேசியது தப்பு என்று சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "உங்க ஸ்பீக்கர் பெட்டி எங்க வீட்டு ஜன்னலைப் பார்த்துதான் இருக்கு. அவ மாத்திரை போட்டாத்தான் தூங்குறா" என்றார். படுக்கையில் கிடந்த அவர் மனைவியைப் பற்றி அத்தனை வெள்ளிக்கிழமைகளில் எங்களில் ஒருவரும் விசாரித்ததில்லை. அந்தத் தெருவில் இரண்டு வீடு தள்ளியிருந்தவர்களுக்காகக்கூடப் பெயர் சொல்லி ஜெபித்திருக்கிறோம்.

இப்போது பெட்டி இல்லாமல்தான் பாடுகிறோம். அவர் எங்களோடு இன்னும் பேசுவதில்லை. வெள்ளிக்கிழமை மாலையில் கதவைச் சாத்திக்கொள்கிறார், ஜன்னலை மட்டும் திறந்து வைத்திருக்கிறார்.