மருமகளைக் கேளுங்கள்

வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்க்கிற செவிலியர் நான். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வயதானவர்களின் மறதியைப் பற்றிக் கேட்டால் போகிற வீட்டிலெல்லாம் ஒரே பதில்: "வயசாச்சு, அப்படித்தான்."

எல்லா மறதியும் அப்படியல்ல. ஆனால் எது நோய் என்று கண்டுபிடிப்பதுதான் பாடு. மருத்துவமனையில் கேட்கிற 30 மதிப்பெண் தேர்வில் தேதி சொல்ல வேண்டும், 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும், ஒரு வாக்கியம் எழுத வேண்டும். ராயக்கோட்டைப் பக்கம் பள்ளிக்கூடமே போகாத ஓர் ஆயாவிடம் தேதி கேட்டேன். தெரியவில்லை. "அமாவாசைக்கு இன்னும் நாலு நாள் இருக்கு கண்ணு" என்றவர், அன்றைக்குத் தக்காளி என்ன விலைக்குப் போனது என்பதையும் சேர்த்துச் சொன்னார். அவர் மூளைக்கு ஒரு குறையும் இல்லை.

இன்னொரு வீட்டு ஆயா பெயர், ஊர், பேரன் பேத்திகள் எல்லாம் சரியாகச் சொன்னார். நான் கிளம்பும்போது மருமகள் வாசல்வரை வந்து மெதுவாகச் சொன்னார்: "களி கிண்டத் தெரியலக்கா. உலை கொதிக்கறதுக்கு முன்னாடியே மாவக் கொட்டிடறாங்க. அப்புறம் கட்டையக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறாங்க." ஆயுள் முழுக்கக் களி கிண்டிய கை அது. உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். தைராய்டு, பி12 குறைந்தாலும் மறதி வரும், அவற்றைச் சரிசெய்துவிடலாம் என்பதால் முதலில் அதைத்தான் பார்த்தார்கள். இரண்டும் சரியாகவே இருந்தன. மூளையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாதிக்கிற அல்சைமர் என்ற மறதி நோயின் ஆரம்பம் என்றார் டாக்டர்.

1901-ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில், இந்த நோய்க்குத் தன் பெயர் வரக் காரணமான டாக்டர் அலாய்ஸ் அல்சைமரும் சாப்பாட்டு நேரத்தில்தான் அகஸ்டே என்ற பெண்ணிடம் கேள்வி கேட்டார். காலிஃபிளவர் சாப்பிட்டுக்கொண்டே கீரை என்றார் அவர். 1906-ல் அவர் இறந்த பிறகு மூளையை நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் படிவுகளும் முடிச்சுகளும் தெரிந்தன. அமிலாய்டு, டவ் என்ற புரதங்களால் ஆனவை அவை.

நமக்குப் பக்கத்து மாவட்டமான கோலாரில், சீனிவாசபுரா கிராமங்களில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆராய்ச்சி மையம் 45 வயது கடந்த 10,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வை நடத்துகிறது. அவர்களும் நம்மைப் போல களி சாப்பிடுகிற சனம்தான். ஒருவரை ஊரோடு ஒப்பிடாமல் அவருடைய முந்தைய நிலையோடே ஒப்பிட முடிவதால் எனக்கு இந்த ஆய்வின்மேல் பெரிய நம்பிக்கை.

அந்த முந்தைய நிலை மருமகளுக்குத் தெரியும். அதனால் இப்போதெல்லாம் பிரஷர் பார்த்ததும், "முன்னாடி தானா செஞ்ச வேலை எதுலயாவது இப்ப தடுமாறுறாங்களா?" என்று வீட்டிலிருப்பவர்களைக் கேட்டு, பதிலை அட்டை ஓரத்தில் எழுதி வைக்கிறேன். அதற்கென்று அட்டையிலேயே ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தால் எல்லாச் செவிலியரும் கேட்பார்கள்.