கச்சான் காலத்தில் புய நாடியை அளப்பது

புய நாடியின் (மேற்கையில் ஓடும் பெரிய இரத்தக் குழாய்) அகவணி, அதாவது உட்சுவர்ப் படை, சரியாக வேலை செய்கிறதா என்று ஸ்கேனில் பார்க்கும்போது, கையின் இரத்த ஓட்டத்தைப் பட்டியால் சற்று நிறுத்தித் திறந்துவிட்டு நாடி எவ்வளவு விரிகிறது என்று அளக்கிறோம். நாங்கள் தேடுவது மிகச் சிறிய மாற்றத்தை. 4.0 மி.மீ. விட்டமுள்ள நாடி 4.3 ஆனால் 7.5 சதவீதம்; நல்ல பதில்தான். இந்த அளவு வித்தியாசத்தை நரம்பே விழுங்கிவிடும்.

பரிவு நரம்பு, அதாவது பதற்றத்திலும் குளிரிலும் உடலை உசுப்பும் தன்னியக்க நரம்பு, நாடியின் வெளிப்பக்கத்தில் முடிகிறது. அங்கிருந்து வரும் நோரதிரனலின் என்ற இரசாயனம் நாடிச் சுவரின் தசைக்குள் கல்சியத்தை ஏற்றிச் சுருக்கும். உட்பக்கம் ஒரே கல வரிசையாக இருக்கும் அகவணியோ நைத்திரிக் ஒட்சைட்டை விட்டு அதே தசையைத் தளர்த்தும். அதனால் முதலில் நரம்பை அமைதிப்படுத்த வேண்டும். மூதூரிலிருந்து கச்சான் எனும் சூடான காற்று வீசும் கால வெயிலில் பஸ் பிடித்து வந்தவரை உடனே படுக்கவைத்து அளந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. குறைந்தது 6 மணிநேரம் சாப்பாடில்லை. பிளேன்டீயும் சிகரெட்டும் கூடாது. நிறைந்த சிறுநீர்ப்பை நரம்பைத் தூண்டும் என்பதால் முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்கிறோம். பிறகு 22–24 பாகை அறையில் 20 நிமிடம் படுக்கை. ஏசிக் காற்று கையில் நேரே படக்கூடாது. காலையில் கன்னியா வெந்நீரூற்றில் குளித்தவரென்றால் வேறு நாள்தான்.

பிறஷர் பட்டியை முழங்கைக்குக் கீழே, முன்கையில் கட்டுங்கள். மேலே கட்டினால் அளக்கும் நாடியே இரத்தமின்றித் தவிக்கும். விரிவு கூடுதலாகத் தெரியும், ஆனால் அது முழுக்க நைத்திரிக் ஒட்சைட்டின் வேலையாக இராது. மேல் பிறஷருக்கு மேல் 50 மி.மீ. இரசம் ஏற்றி 5 நிமிடம் வைத்து, ஒரேயடியாகத் திறக்க வேண்டும். பாய்ந்து வரும் இரத்தம் அகவணியை உராய்வதுதான் தூண்டல். மெதுவாகக் காற்றை விட்டால் அந்தப் பாய்ச்சல் கிடைக்காது.

60ஆவது செக்கனில் ஒருமுறை அளந்துவிட்டு எழும்பாதீர்கள். சிலருக்கு உச்சம் பிந்தி வரும். 3 நிமிடம் பதிவு ஓடட்டும். எல்லா அளவும் ஈசீஜீயின் ஆர் அலையில், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் வரும் கூர்முனையில். அதிகம் கெடுப்பது புரோப் (தோலில் வைக்கும் ஸ்கேன் கருவி) நழுவுவது: மையக்கோட்டிலிருந்து கொஞ்சம் விலகினாலே நாடி ஒடுங்கியதுபோல் தெரியும். பேனையால் தோலில் அடையாளமிட்டு, புரோபைத் தாங்கியில் பூட்டிவிடுவதே நிம்மதி.

10 நிமிட ஓய்வுக்குப் பின் நாக்கின் கீழ் 0.4 மி.கி. நைத்திரோகிளிசரின். இந்த மருந்து தசையை நேரே தளர்த்தும்; இதற்கு அகவணி தேவையில்லை. இப்போது விரிந்து முன்பு விரியாவிட்டால் குறை அகவணியில். இரண்டிலும் விரியாவிட்டால் தசையையோ எங்கள் அளவையோ சந்தேகிக்க வேண்டும். சில்டெனாபில் (வயாகரா) எடுத்தவருக்கும் பிறஷர் குறைந்தவருக்கும் கொடுக்கவே கூடாது. தலையிடி வரலாமென்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நரம்பின் பக்கத்தைப் பார்க்க வேறொரு நாள் ஐஸ் தண்ணீர். மீன் சந்தை ஐஸை உடைத்துப் போடலாம், உப்பு சேர்க்கக்கூடாது. சேர்த்தால் பூச்சியத்துக்குக் கீழே போய்விடும். மணிக்கட்டுவரை 1–2 நிமிடம் கையை அமிழ்த்தி, மற்றக் கையில் பிறஷர் பாருங்கள். வலியில் மூச்சைப் பிடிப்பார்கள். அதுவும் பரிவு நரம்பைக் கிளப்பும். ஆகவே கையை வைத்ததிலிருந்து இயல்பாக மூச்சு விடும்படி நாங்கள் நினைவூட்டிக்கொண்டே இருப்போம். ஆனால் அவர்களைக் கதைக்க விடக்கூடாது; கதைப்பதே பிறஷரை ஏற்றும். கை தண்ணீரில் இருக்கும் நேரம் முழுவதும் பேசாமல் சும்மா மூச்சு விடச் சொல்லுங்கள்.