வளர்த்த காது

கோவில்பட்டி பக்கம் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறேன். கல்யாண ஆர்டர் என்றால் மணமேடைக்குப் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமரா போகும். பந்தி, சமையல்கட்டு, திண்ணையில் உட்கார்ந்து பேசும் பெரியவர்கள் எல்லாம் என் கையில் இருக்கும் பானாசோனிக் ஜி85-இன் பங்கு. அதன் சென்சார், அதாவது படத்தைப் பதிவுசெய்யும் சில்லு, 17.3க்கு 13 மில்லிமீட்டர். ஃபுல் ஃபிரேமின் பரப்பில் ஏறக்குறைய கால்வாசி. நாள் முழுக்கக் கழுத்தில் கிடந்தாலும் வலிக்காது. ஆனால் சாயங்காலம் வெளிச்சம் குறைந்து, ஒளியுணர்வை ஏற்றும் ஐஎஸ்ஓ 3200-ஐத் தொட்டால் நிழலெல்லாம் புள்ளி புள்ளியாகக் கிரெயின்ஸ்.

அந்தக் கேமராவில் எடுத்த படத்தை 20க்கு 30 அங்குலத்தில் கேட்டால் முன்பெல்லாம் தயங்குவோம். நீளவாக்கில் 4592 பிக்சல்தான். 30 அங்குலத்துக்குப் பரப்பினால் அங்குலத்துக்கு 153 பிக்சல்தான் வரும். 2021இல் படத்தைப் பெரிதாக்கும் ஏஐ வசதியாக அடோபியின் சூப்பர் ரெசல்யூஷன் வந்தது. நீளம், அகலம் இரண்டையும் இரட்டிப்பாக்கும். அங்குலத்துக்கு 306. முதல் பிரிண்ட் லேபிலிருந்து வந்தபோது மணப்பெண்ணின் புடவைக் கரையில் ஜரிகை இழை பிரிந்து தெரிந்ததைப் பார்த்து உண்மையாகவே அசந்துபோனேன்.

அப்புறம் கையில் பட்டுப் பட்டுக் கற்றுக்கொண்டது: கேமரா பதிந்தபடியே இருக்கும் ரா ஃபைலிலிருந்துதான் தொடங்க வேண்டும், நாய்ஸை, அதாவது அந்தக் கிரெயின்ஸை, முதலில் எடுத்துவிட்டுத்தான் பெரிசாக்க வேண்டும். மாற்றிச் செய்தால் கிரெயின்ஸையும் நுணுக்கம் என்று நினைத்துக்கொண்டு, கன்னத்தில் புழு நெளிவதுபோலக் கோடு போட்டுவிடும்.

போன வருஷம் ஒரு பையன் வந்தான். அவன் அக்கா கல்யாணத்தை நாங்கள்தான் எடுத்திருந்தோம். ஆச்சி தவறிவிட்டார்கள், மாலை போட ஒரு படம் வேண்டும் என்றான். தேடியதில் ஆச்சி தனியாக இருக்கும் படமே இல்லை. பந்தியில் ஏழெட்டுப் பேருக்கு நடுவே, இலையிலிருந்து நிமிர்ந்து யாரையோ பார்த்துச் சிரிக்கிற ஒரு படம் கிடைத்தது. தலையும் தோளும் மட்டும் வெட்டினால் உயரம் 900 பிக்சல். 12க்கு 18 அங்குல ஃபிரேமுக்கு, அங்குலத்துக்கு 300 வீதம், 5400 வேண்டும். ஆறு மடங்கு.

முகத்தைத் தனியாகச் சீர்செய்யும் வசதியுள்ள வேறொரு மென்பொருளில் போட்டேன். சில நிமிஷத்தில் கண்ணில் ஒளி, புருவத்தில் ஒவ்வொரு முடி. நானே பெருமையாகத் திரையைத் திருப்பிக் காட்டினேன். பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“நல்லாருக்குண்ணே. ஆனா ஆச்சி காதுல ஓட்டையக் காணுமே?”

பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கினேன். பாம்படம் என்ற கனமான காதணி போட்டு வளர்த்த காது. பாம்படத்தை எப்போதோ கழற்றிவிட்டார்கள் போல. மடல் மட்டும் நீண்டு, வெறும் வளையமாகத் தொங்கியது. அதன் வழியே பின்னால் பந்திப் பந்தலின் துணி தெரிந்தது. மென்பொருள் அந்த வளையத்தைச் சதையால் நிரப்பி, யாருக்கும் இருக்கும் சாதாரணக் காதாக முடித்திருந்தது. வாயோரச் சுருக்கம் இரண்டையும் காணோம்.

பட்டு, இலை, செங்கல் சுவர் இதையெல்லாம் அது ஊகித்துக்கொள்ளட்டும். ஓர் இழை கூடினால் யாருக்கும் நஷ்டமில்லை. முகம் அப்படியில்லை. 900 பிக்சலில் இல்லாததை அது எங்கிருந்தும் மீட்டுக்கொண்டு வருவதில்லை, தான் பார்த்துப் பழகிய முகங்களிலிருந்துதான் இட்டுக்கட்டுகிறது. அது பழகிய முகங்களில் வளர்த்த காது எத்தனை இருந்திருக்கும்? அந்தக் காதைப் பார்த்தே வளர்ந்தவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான்.

சரி, மறுபடியும் தொடங்கினேன். முக வசதியை அணைத்துவிட்டு, புடவைக்கும் பின்னணிக்கும் மட்டும் மென்பொருளின் வேலையை வைத்துக்கொண்டேன். முகத்துக்கும் காதுக்கும் மாஸ்க் போட்டு அந்த இடங்களைத் தனியே பிரித்து, சாதாரணமாகப் பெரிதாக்கிய பழைய படத்தையே கொண்டுவந்தேன். கிட்டே போனால் கன்னத்தில் கிரெயின்ஸ் தெரியும் என்று முன்கூட்டியே சொன்னேன். “தெரியட்டும்ணே” என்றான். காது வளையத்தின் விளிம்பை மட்டும் ஒரு மணி நேரம் சின்ன பிரஷ்ஷால் சரிபார்த்து, பந்தல் துணி அதன் வழியே தெரியும்படி விட்டு லேபுக்கு அனுப்பினேன்.